காலை விறைப்பு இருபது நிமிடம்

அலாரம் இல்லாமலே நாலரைக்கு எழுந்துகொள்ளச் சியாமளா பழகியிருந்தாள். போர்வையை விரலால் விலக்க முடியாது, காலால் தள்ளுவாள். முழங்கைகளைக் கட்டிலில் ஊன்றி, விரல் எதிலும் படாமல் எழுந்து சமையலறைக்குப் போவாள். வாளியில் தண்ணீரும் ஹீட்டர் ராடும் முந்தின நாளே தயாராக இருக்கும். ஸ்விட்சை முழங்கையால் தட்டினால் போதும். தண்ணீர் சூடானதும் ஸ்விட்சை அணைத்து, ராடை மணிக்கட்டுகளுக்கு நடுவில் இடுக்கி எடுத்து வைத்துவிட்டு, வாளிக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் உள்ளே விடுவாள். விரல்கள் ஒவ்வொன்றாக மனம் இரங்கிப் பாதியாவது மடங்க ஒரு மணி நேரம் ஆகும். வலிக்கும்போது புடவைத் தலைப்பைப் பல்லால் கடித்துக்கொள்வாள். ஐந்தே முக்காலுக்குக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தூங்கிக்கொண்டிருக்கிற கணவன் பக்கத்தில் படுத்துவிடுவாள்.

ஆறு மணிக்குப் பன்னீர்செல்வம் எழுந்திருப்பான். தலையணைக்கு அடியிலிருந்து ஸ்டாப் வாட்சை எடுப்பான்.

"சியாமா, ஆரம்பிக்கலாமா?"

அவள் அப்போதுதான் கண் விழித்ததுபோல எழுந்து உட்கார்ந்து விரல்களை மடக்கி நீட்டத் தொடங்குவாள்.

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம் இறுக்கமா இருக்கு."

"இப்ப?"

"ம். விட்டுடுச்சுங்க."

நீல அட்டை போட்ட ரெஜிஸ்டரில் அவன் அழகான கையெழுத்தில் எழுதுவான். காலை விறைப்பு, இருபது நிமிடம்.

அடுத்தது பிடிமானம். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த ஜெனிட்டா டவுன்ஷிப் டிஸ்பென்சரியில் நர்ஸ். அவள் கொடுத்த பழைய பி.பி. மெஷினின் பட்டையைச் சுருட்டி, கொஞ்சம் காற்றடித்து, சியாமளாவின் உள்ளங்கையில் வைப்பான். அவள் அழுத்த வேண்டும். பாதரசம் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு கையில் பலம். சியாமளா அந்தச் சுருட்டலை மேசை விளிம்பில் வைத்து மணிக்கட்டால் நசுக்குவாள். விரல்கள் சும்மா அதன்மேல் படிந்திருக்கும். பன்னீர்செல்வம் மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பாதரசத்தைப் பார்ப்பான். கையைப் பார்ப்பதில்லை.

"நூத்தி முப்பத்தாறு. நேத்தைக்கு நூத்தி முப்பத்திரண்டு." அவன் முகம் மலரும். அந்த மலர்ச்சிக்காகத்தான் அவள் நாலரைக்கு எழுந்தாள். அதற்காக மட்டும்தான் என்று சொல்லிக்கொள்ளவும் அவளுக்குக் கூசியது. அவளுக்கும் ஒரு ஆசை இருந்தது.

தொண்ணூற்றேழாம் வருடம் மழைக்காலத்தில், அணுபுரத்துக் குவார்ட்டர்ஸ் பின்னால் நின்ற முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சி ஒன்று அவள் கழுத்தில் விழுந்ததில் ஆரம்பித்த கதை இது. உடம்பெல்லாம் தடித்துவிட்டது. டிஸ்பென்சரியில் ஐந்து நாளைக்கு அலர்ஜிக்கான செட்டிரிசின் மாத்திரை கொடுத்தார்கள், ராத்திரி ஒன்று. முதல் இரண்டு நாள் நன்றாகத் தூங்கினாள். மூன்றாம் நாள் காலையில் டம்ளரை எடுத்துக் காபி குடித்த பிறகுதான், டம்ளரை ஒரு கையால் எடுத்தோம் என்பதே அவளுக்குப் புரிந்தது. மூன்று வருடமாக முடக்குவாதம். டம்ளரை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கித்தான் பழக்கம்.

அதை அவள் ஓடிப்போய்க் கணவனிடம் சொன்னாள். அதில் பொய் இல்லை. அந்த ஒரு வாரம் முழுக்க நிஜம்.

பன்னீர்செல்வம் அணு ஆராய்ச்சி மையத்தில் சயன்டிஃபிக் அசிஸ்டென்ட். பதினோரு வருடமாக ஷிஃப்டில் மணிக்கு ஒரு தடவை மீட்டர்களைப் பார்த்து லாக் புத்தகத்தில் எழுதுவது வேலை. "மீட்டர் காட்டறத எழுதணும், மனசு காட்டறத எழுதக் கூடாது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான். பதவி உயர்வு இன்டர்வியூவில் இரண்டு முறையும், நீங்களாக என்ன கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார்கள். இரண்டு முறையும் பதில் இல்லாமல் வந்தான். மனைவி சொன்னதைக் கேட்டதும் லைப்ரரியில் போய் உட்கார்ந்தான். நாலு நாள் கழித்து ஒரு ஜெராக்ஸ் பிரதியோடு வந்தான். அலர்ஜியை உண்டாக்குகிற அதே செல்கள் மூட்டுக்குள்ளும் இருக்கின்றனவாம். அவை விடுகிற ஹிஸ்டமின்தான் வீக்கத்துக்கும் ஒரு காரணமாக இருக்கலாமாம். செட்டிரிசினை வைத்து அதைத் தடுத்தால்?

"டாக்டரக் கேட்டீங்களா அண்ணா?" என்று பி.பி. மெஷினைக் கொடுக்கும்போது ஜெனிட்டா கேட்டாள்.

"ரிசல்ட்டோட போய்க் கேக்கறேன்மா."

ரிசல்ட் என்பது கையைப் பற்றி மட்டும் இல்லை. முடக்குவாதத்துக்குச் செங்கல்பட்டு டாக்டர் கொடுத்திருந்தது மெத்தோட்ரெக்ஸேட், வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிடுகிற மஞ்சள் மாத்திரை. "இதச் சாப்பிடறவரைக்கும் கர்ப்பம் கூடாது. நிறுத்தினா மூணு மாசம் கழிச்சுத்தான்" என்று அவர் முதல் நாளே சொல்லியிருந்தார். இருவரும் தலையாட்டிவிட்டு வந்தார்கள். எங்களுக்குக் குழந்தை வேண்டும் என்று அந்த அறையில் இருவருக்குமே வாய் வரவில்லை. ஊர் உலகத்தில் எல்லாரும் அவர்களிடம் கேட்கிற ஒரே கேள்வி அது. கேட்டுக் கேட்டு, அந்த வார்த்தையைத் தாங்களாகச் சொல்வதே அசிங்கம் என்று ஆகிவிட்டிருந்தது.

பொங்கல் முடிந்த கையோடு, ஜனவரி பதினாறாம் தேதி மஞ்சள் மாத்திரையை நிறுத்தி, செட்டிரிசினை மட்டும் ஆரம்பித்தார்கள். ரெஜிஸ்டரில் அது முதல் நாள்.

இரண்டாவது வாரத்திலேயே விறைப்பு திரும்பியது. "நாளைக்குச் சரியாயிடும்" என்று நினைத்து ஒரு நாள் அரை மணி என்று சொன்னாள். அவன் தட்டிக்கொடுத்தான். மறுநாள் அதைவிடக் கூடுதலாகச் சொல்ல அவளால் முடியவில்லை. இப்படித்தான் வாளி வந்தது.

பாத்திரம் கழுவ வருகிற செல்லம்மாவிடம் மட்டும் எதையும் மறைக்க முடியவில்லை. புதுப்பட்டினத்திலிருந்து ஏழரை மணிக்கு வருவாள். வந்ததும் பால் பாக்கெட்டைக் கிழிப்பது, ஊறுகாய் பாட்டிலைத் திறப்பது எல்லாம் அவள்தான்.

"இன்னாம்மா இது, கையி பன்னு மாதிரி கீது?"

"சும்மா இரு செல்லம்மா."

"நான் சும்மாத்தான் கீறேன். வீக்கம் சும்மா இல்லியே." குழாயடியில் உட்கார்ந்தபடியே திரும்பிப் பார்த்தாள். "ஐயா தெனிக்கும் நோட்டுல எழுதிகினு கீறாரே, இன்னாதான் எழுதறாரு?"

"கை நல்லாயிட்டு வருதுன்னு."

"அப்டியா? அப்ப அந்த நோட்டையே வந்து குக்கர் மூடியத் தொறக்கச் சொல்லு."

சியாமளாவுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே முகம் சுண்டிவிட்டது. "அவர்கிட்ட எதுவும் சொல்லிடாதே."

"நான் எதுக்குச் சொல்றேன். ஐயாவுக்குக் கண்ணு தெரியாதா?"

"நல்லாத் தெரியும்."

"அப்பத் தெரிஞ்சிகினுதான் கீறாரு." செல்லம்மா சாதாரணமாகச் சொல்லிவிட்டுச் சாம்பலைத் தொட்டுக்கொண்டாள். சியாமளாவுக்குச் சுருக்கென்றது. தன் வீட்டு விஷயத்தில் இவளுக்கு என்ன என்று அன்று முழுக்க அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஐம்பத்தொன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பன்னீர்செல்வம் அவளை மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போனான். கல்யாணமான புதிதில் வந்தது. கடற்கரைக்குப் போகிற வழியில் சங்கு, சோழிக் கடைகள் வரிசையாக இருந்தன.

"அடுத்த மாசம் நடுவுல மூணு மாசம் முடியுது" என்றான் அவன், கூட்டத்தில் யாருக்கும் கேட்காத குரலில்.

"ம்."

"பொண்ணா இருந்தா ஸ்வாதி. உனக்குப் பிடிக்குமா?"

செட்டிரிசின் மயக்கத்தில் அவளுக்கு எப்போதும் கண் சொருகிக்கொண்டே இருந்தது. வலி குறையாததால், காலையிலும் ஒன்று போடலாம் என்று அவளே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெயரைக் கேட்டதும் மயக்கம் தெளிந்தது. "பிடிக்கும்" என்றாள். இப்போது உண்மையைச் சொன்னால் அந்தப் பெயரும் போய்விடும்.

அவன் ஒரு கடையில் நின்று சங்கு வளையல் ஒன்றை எடுத்தான். கடைக்காரப் பெண் சியாமளாவின் வலது கையைப் பிடித்து வளையலை ஏற்றப் பார்த்தாள். விரல் முட்டிகளைத் தாண்டவில்லை. இன்னொரு முறை திருகினாள். சியாமளா பல்லைக் கடித்துக்கொண்டு கடலைப் பார்த்தாள்.

"சைஸ் சின்னதா இருக்கு" என்றான் பன்னீர்செல்வம்.

"இதான் சார் இருக்கறதுலயே பெருசு."

"இல்ல, சின்னது." வளையலை வாங்கித் தட்டில் வைத்துவிட்டு அவன் முன்னால் நடந்தான்.

ஏப்ரல் பதினெட்டு, சனிக்கிழமை. டாக்டர் சதாசிவம் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை சென்னையிலிருந்து வந்து, செங்கல்பட்டில் ஒரு மருந்துக்கடை மாடியில் நோயாளிகளைப் பார்ப்பார். சொல்லியிருந்தபடி கீழே இருந்த லேபில் ரத்தம் கொடுத்து, கைக்கு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு போனார்கள்.

"நாலு மாசமா ஆளையே காணோம்?"

"சார், இத நீங்க பாக்கணும்." பன்னீர்செல்வம் ரெஜிஸ்டரைத் திறந்து மேசையில் வைத்தான். பக்கத்தில் ஜெராக்ஸ் பிரதி.

டாக்டர் அவசரமில்லாமல் பக்கங்களைப் புரட்டினார். "இவ்வளவு ஒழுங்கா யாரும் எனக்கு எழுதிக்கிட்டு வந்ததில்ல." பன்னீர்செல்வம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "மெத்தோட்ரெக்ஸேட்?"

"நிறுத்தி தொண்ணூத்திரண்டு நாளாச்சு சார். செட்டிரிசின் மட்டும்தான்."

டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஜெராக்ஸையும் படித்தார். "யோசனை தப்புன்னு சொல்ல மாட்டேன். மூட்டுக்குள்ள இந்தச் செல் இருக்கறது நிஜம். அதைத் தடுத்தா நோய் அடங்குமான்னு இன்னும் யாருக்கும் தெரியாது. கடைசி வரி படிச்சீங்களா?"

"படிச்சேன் சார்."

"என்ன போட்டிருக்கு?"

"மேலும் ஆராய வேண்டும்னு."

"கையக் குடும்மா."

அவர் முட்டிகளை லேசாகத்தான் அழுத்தினார். சியாமளாவின் உடம்பு முழுக்க உதறியது. மூடச் சொன்னார். நடு விரல்கள் உள்ளங்கைக்கு இரண்டு அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டன. தன் பேனாவைக் கொடுத்து மூடியைத் திறக்கச் சொன்னார். பேனா நழுவி மேசையில் உருண்டது. அப்போது பகல் பதினொன்றேகால் மணி.

ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தார். எக்ஸ்ரேயை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். பிறகு ரெஜிஸ்டரைத் திரும்ப எடுத்து, கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"இன்னிக்குக் காலைல விறைப்பு இருபது நிமிஷம். பிடிமானம் நூத்தி நாப்பது. இது யார் எழுதினது?"

"நான்தான் சார்."

"பாத்து எழுதினதா, நீங்களா எழுதினதா?"

பன்னீர்செல்வத்தின் முகம் கறுத்தது. "பதினோரு வருஷமா ரீடிங் எடுக்கறேன் சார். நான் வந்து..."

அவனை ஒருவர் பொய் எழுதினாயா என்று கேட்டதைச் சியாமளாவால் தாங்க முடியவில்லை. "டாக்டர், அவர் சரியாத்தான் எழுதினார். பொய் சொன்னது நான்."

சொல்லிவிட்டாள். வாளி, வெந்நீர், மேசை விளிம்பு எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடி சொன்னாள். மூன்றாம் வகுப்பில் அடுத்தவள் பென்சிலை எடுத்துவிட்டு டீச்சர் முன்னால் நின்றதுபோல இருந்தது. பக்கத்தில் பன்னீர்செல்வம் அசையவே இல்லை.

"எதுக்கும்மா?"

அவள் உதட்டைக் கடித்தாள். "மஞ்சள் மாத்திரைய விட்டாத்தானே..."

டாக்டருக்குப் புரிய சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "குழந்தை வேணும்னா அதுக்கு ஏத்த வேற மாத்திரை இருக்கும்மா. முதல்ல கை அடங்கணும், அப்புறம் மாத்திக் குடுப்பேன். கொஞ்சம் நாளாகும், அவ்வளவுதான். கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்." கொஞ்சம் நிறுத்தி, "நானும் கேக்கல" என்றார்.

"அப்ப மழைக்காலத்துல செட்டிரிசின் போட்ட அந்த முதல் வாரம் நல்லா இருந்துச்சே, டாக்டர்?"

"நல்லாத் தூங்கியிருப்பே. தூங்கினா வலி குறையும். அப்ப மஞ்சள் மாத்திரையும் உள்ள வேலை செஞ்சுகிட்டிருந்தது. இந்த நோய் தானாவும் ஒரு வாரம் இறங்கும், ஒரு வாரம் ஏறும். ஒரு வாரத்த வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது." எக்ஸ்ரேயில் இரண்டு இடத்தைக் காட்டினார். எலும்பின் ஓரம் எலி கடித்த ரொட்டிபோல இருந்தது. "இந்த ரெண்டு விரல் பழையபடி வராது. மத்த எட்டையும் காப்பாத்தலாம்."

பஸ் ஸ்டாண்டில் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவன் ரெஜிஸ்டரை மடியில் கவிழ்த்து வைத்திருந்தான்.

"உங்கள டாக்டர் முன்னாடி தலை குனிய வச்சுட்டேன்" என்றாள் சியாமளா. "என்ன மன்னிச்சிடுங்க."

திருக்கழுக்குன்றம் பஸ் ஒன்று வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிற்று.

"பிப்ரவரி பதினேழு" என்றான் கடைசியில். "செவ்வாய்க்கிழமை."

"என்னது?"

"அன்னிக்கு நான் முழிச்சுட்டேன். தண்ணி குடிக்க எழுந்து வந்தேன். கதவு இடுக்குல நீ வாளில கை வச்சுகிட்டு உக்காந்திருந்தே. வாயில தலைப்பு." அவன் ரெஜிஸ்டரின் அட்டையைத் தடவினான். "திரும்பிப் போய்ப் படுத்துட்டேன். ஆறு மணிக்கு எழுந்து இருபது நிமிஷம்னு எழுதினேன்."

அவள் அவனையே பார்த்தாள்.

"எழுதறப்ப எனக்குக் கை நடுங்கலை, சியாமா. அதான் இப்ப உறுத்துது. இன்னும் நாலு நாள்ல தானா சரியாயிடும், அப்ப பொய்யும் நிஜமாயிடும்னு நினைச்சேன். அப்புறம் ஒவ்வொரு நாளும் அதையே நினைச்சேன். மாமல்லபுரத்துல அந்த வளையல்... இப்பவும் உள்ள நீ பழிய எடுத்துகிட்டப்ப நான் வாயத் திறக்கலை."

செல்லம்மா சாம்பல் கையோடு சொன்னது அவளுக்கு நினைவுக்கு வந்தது. "அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு அப்புறமும் முழிச்சிருந்தீங்களா?"

"சில நாள்."

"நான் சத்தம் வராம அழுதேன். உங்க தூக்கம் கெடக் கூடாதுன்னு."

அவள் தன் இரண்டு விரல்களைப் பார்த்தாள். பிப்ரவரி பதினேழு அன்றே இவன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்திருந்தால்? தான் ஜனவரியிலேயே நிஜத்தைச் சொல்லியிருந்தால்? எந்தக் கேள்வியை முதலில் கேட்பது என்று தெரியவில்லை. கோபம் வந்தது, ஆனால் அதைப் பிடித்து நிற்க அவள் பக்கமும் நியாயம் போதவில்லை.

அவன் திடீரென்று எழுந்தான். "இங்கயே இரு. வந்துடறேன்."

சாலையைத் தாண்டி மருந்துக்கடை மாடிப்படியில் ஏறுவது தெரிந்தது. அவள் இரண்டு பஸ்ஸை விட்டாள். முக்கால் மணி நேரம் கழித்து, வெயிலில் சட்டை நனைந்து வந்தான்.

"என்ன சொன்னார்?"

"எல்லா பேஷண்டும் போறவரைக்கும் நிக்க வச்சார். அப்புறம் கேட்டுகிட்டார். ஒண்ணும் திட்டலை. இனிமே கையப் பாத்து எழுதுங்கன்னு மட்டும் சொன்னார்."

பஸ்ஸில் உட்கார இடமில்லை. பாதிப் பேர் டவுன்ஷிப் ஆட்கள். அவன் ஷிஃப்டில் இருக்கிற ராஜேந்திரன் முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். சியாமளாவால் கம்பியைப் பிடிக்க முடியாது. முன்பெல்லாம் கம்பியை முழங்கையால் அணைத்துக்கொண்டு சமாளிப்பாள். காலனியில் நடக்கும்போதுகூட இரண்டடி முன்னால் போகிறவன், இன்று அத்தனை பேர் பார்க்க அவள் தோளைச் சுற்றிக் கையைப் போட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அவளுக்குக் கூச்சமாக இருந்தது. திருக்கழுக்குன்றம் வரைக்கும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மறுநாள் அவள் நாலரைக்கு விழித்தாள். எழவில்லை. ஐந்தே காலுக்குச் சமையலறையில் ஸ்விட்ச் தட்டுகிற சத்தம் கேட்டது. ஐந்தரைக்குப் பன்னீர்செல்வம் வாளியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தான். மணியைப் பார்த்துக் குறித்துக்கொண்டான். தரையில் உட்கார்ந்து, அவள் கைகளைத் தண்ணீருக்குள் வைத்து, தன் கையால் தாங்கிக்கொண்டான். கோபம் அவளுக்கு இன்னும் இருந்தது. கையை இழுத்துக்கொள்ள நினைத்தாள், வலித்தது, விட்டுவிட்டாள்.

அவன் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். முட்டிகளின் சிவப்பு, கோணத் தொடங்கியிருந்த நடு விரல், நகத்தோரம் காய்ந்துபோன மஞ்சள். அவன் கண்ணிலிருந்து ஒரு சொட்டு வாளிக்குள் விழுந்ததை இருவருமே பார்க்காததுபோல இருந்தார்கள். தண்ணீர் இரண்டு முறை ஆறியது. இரண்டு முறையும் போய்ச் சுட வைத்து வந்தான்.

ஏழரைக்குச் செல்லம்மா வந்தாள். அறை வாசலில் நின்று பார்த்தாள்.

"இன்னா இது, காலங்காத்தால ரெண்டு பேரும் வாளில மீன் புடிச்சிகினு கீறீங்க?"

"அவளுக்கு இன்னும் விறைப்பு விடலை, செல்லம்மா" என்றான் பன்னீர்செல்வம்.

செல்லம்மா அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு சமையலறைக்குப் போய்விட்டாள். பால் பாக்கெட் கிழிகிற சத்தம் கேட்டது.

எட்டே முக்காலுக்கு விரல்கள் மடங்கின, அந்த இரண்டைத் தவிர. அவன் கையைத் துடைத்துக்கொண்டு ரெஜிஸ்டரை எடுத்தான். பேனாவோடு காத்திருந்தான்.

"எழுதுங்க" என்றாள் சியாமளா. "மூணே கால் மணி நேரம்."